மூழ்கிய தோணிக்கு முதல் முறை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு தோணி இருக்கிறதா இல்லையா என்று ஒரு கேள்வி வந்தது. தோணியோ என் மேஜைக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகவே தெரிந்தது. புதுச் சாயம் வெயிலில் பளபளத்துக் கண்ணைக் கூசவைத்தது. தலையைத் திருப்பினால் போதும். நான் திருப்பவில்லை. மெட்ராஸில் இருந்த ஓர் இயந்திரத்துக்கு எழுதிக் கேட்டேன். அது "இல்லை" என்று பதில் அனுப்பியது. நானும் அந்தத் தோணியின் தண்டலிடமே, அதாவது அதை ஓட்டுகிற தலைவரிடமே, "உங்கள் தோணி இல்லை" என்று சொன்னேன். சொல்லும்போது சிரிக்கக்கூட இல்லை.

எழுபதுகளின் பிற்பாதி அது. தூத்துக்குடி பழைய துறையில், கொழும்புக்குப் பாய்மரத் தோணிகளில் வெங்காயமும் வற்றலும் உடன்குடிக் கருப்பட்டியும் ஏற்றி அனுப்புகிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. நான் தாமிரவருணிக் கரை நெல்வயல் ஊர்க்காரன். வரப்பில் நடக்கத் தெரியும். தோணியில் ஏறினால் கட்டிய கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே வாந்தி வரும். கணக்கில் ஒரு பட்டம் வாங்கியிருந்தேன். அது போதாதென்று மதுரையில் ஆறு வாரம் தங்கி ஃபோர்ட்ரான் படித்தேன். அந்த ஆறு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். அதுவும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும், கண்ணாடியைத் தொடக்கூடாது. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு கம்பெனிக்குள் நுழைந்தவன், முதல் மாதமே சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டேன். ஒன்றில் மை கிடையாது.

துறையில் சரக்கு ஏற்ற ஒரே ஒரு மேடைதான் எங்களுக்கு. ஒரு நாளைக்கு ஒரு தோணி, ஞாயிறு கிடையாது. ஆக வாரத்துக்கு ஆறு முறை. யார் அதிக நாளாகச் சும்மா கிடக்கிறாரோ அவருக்கு முதல் முறை. முறை வந்த தோணியின் நம்பரைத் துறை ஓரத்தில் நின்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஆள் வராவிட்டால் பொழுது சாயும்வரை மேடையைக் காலியாக வைத்துக் காத்திருக்க வேண்டும். மறுநாள்தான் அடுத்த தோணி. இதையெல்லாம் தலைமைக் குமாஸ்தா அண்ணாச்சி ஒரு கரும்பலகையையும் ஒரு துண்டுச் சாக்கட்டியையும் வைத்துக்கொண்டு நடத்திவந்தார். சண்டை வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இது முதலாளியின் மகனுக்குப் பொறுக்கவில்லை. மெட்ராஸில் இருந்த அவர், வாரம் ஒரு மணி நேரம் ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்குப் பிடித்துவிட்டு, "இனிமேல் முறை லிஸ்டை மெஷின் போடும். மெஷின் போட்டதில் கை படக்கூடாது" என்று உத்தரவு அனுப்பினார்.

அந்த உத்தரவை நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஏற்பாடு இப்படி. ஒவ்வொரு தோணிக்கும் ஓர் அட்டை. அட்டையில் எண்பது கட்டம்; கடைசி ஆறில் அந்தத் தோணி கடைசியாகச் சரக்கு ஏற்றிய தேதி. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து வீதம் துளை போட வேண்டும். செவ்வாய்க்கிழமை அட்டைக் கட்டு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மெட்ராஸ் ரயில் ஏறும். சனிக்கிழமை காலையில் லிஸ்ட் வரும். ஆனால் மெஷினுக்குக் குப்பையைக் கொடுத்துவிடக் கூடாதே! ஆகவே ஒவ்வொரு அட்டையிலும் இருப்பது தோணி நம்பர்தானா என்று சோதிக்கிற பகுதியை நான் எழுதினேன். இன்றைக்கு என் பேரன் வயதுப் பையன்கள் இதையே ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று சொல்லி, நாலு புள்ளி, ரெண்டு நட்சத்திரம், ஓர் அடைப்புக்குறி என்று ஒரே வரியில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். எனக்கு அது நான்கு பக்கம். முதல் கட்டத்தில் கே இருக்கிறதா? இல்லையென்றால் தள்ளு. இரண்டாவதில் டி? இல்லையென்றால் தள்ளு. மூன்றாவதில் ஒரு சின்னக் கோடு. அப்புறம் மூன்று கட்டத்தில் மூன்று எண்கள். ஏழாவதிலிருந்து தேதிக் கட்டம் வரை வெற்றிடம். ஒரு கட்டம் பிசகினாலும் அட்டை தள்ளுபடி. உடன்குடியில் பதனீர்ப் பாகைச் சிரட்டையில் ஊற்றினால் சிரட்டை அளவுக்குத்தான் கருப்பட்டி வரும். அதுபோல இது என் அச்சு என்று அண்ணாச்சியிடம் விளக்கினேன்.

"சிரட்டை சரிடே. பாகு எங்க?" என்று கேட்டார் அண்ணாச்சி.

சோதனை ஓட்டமும் விட்டேன். என் பெயரை ஓர் அட்டையில் துளைத்து அனுப்பினேன், தள்ளிவிட்டது. மகிழ்ச்சி. கே.டி-000 என்று துளைத்து அனுப்பினேன்; ஏற்றுக்கொண்டது. மேலும் மகிழ்ச்சி. கே.டி-000 என்று உலகத்தில் ஒரு தோணியும் கிடையாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அச்சில் அடங்கியது, அவ்வளவுதானே வேண்டும்!

முதல் லிஸ்ட் ஒரு சனிக்கிழமை வந்தது. அதை நானே நோட்டீஸ் பலகையில் ஒட்டி, இரண்டு அடி பின்னால் வந்து பார்த்து, கோணல் என்று பிய்த்து மறுபடியும் ஒட்டினேன். பத்து நிமிஷத்தில் புன்னைக்காயல் ஊர்க்காரரான அந்தத் தண்டல் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். நல்ல உயரம், கழுத்தில் ஜெபமாலை, பேசும்போது கையை ஆட்டுகிற பழக்கம் கிடையாது.

"தம்பி, பலகையில எந்தோணியக் காணலியே."

"தள்ளுபடி ஆயிருக்கு, தண்டல்."

"யாரு தள்ளுனது?"

"கம்ப்யூட்டர்."

"அது எங்கன இருக்கு?"

"மெட்ராஸ்ல."

"தோணி இங்கனல்லா கெடக்கு. அம்புட்டுத் தொலவுல இருந்துக்கிட்டு அது எப்படித் தள்ளுச்சி?"

நான் பேனாவை எடுத்தேன். மை இல்லாத பேனா. அதைக் காற்றில் ஆட்டி விளக்கினேன். "நம்பர்னா ஆறு கட்டம். ரெண்டு எழுத்து, ஒரு கோடு, மூணு எண்ணு. ஒங்க நம்பரு கே.டி-117 ஏ. கடைசியில அந்த ஏ தொங்குது பாருங்க. ஏழாவது கட்டம். அச்சுல அடங்காது."

"அப்பம் அச்சப் பெருசு பண்ணு."

"அப்படியெல்லாம் நெனச்சபடி செய்ய முடியாது. நீங்க அந்த ஏ-யை அழிச்சிருங்களேன்? ஒரு கை சாயம்."

தண்டல் என்னைப் பார்த்தார். கடலில் மிதந்துவருவது மரக்கட்டையா மீனா என்று தெரியாதபோது பார்ப்பார்களே, அப்படி.

அந்த ஏ எப்படி வந்தது என்பதை அன்றைக்குத்தான் அண்ணாச்சி எனக்குச் சொன்னார். தோணிக்கு அடியில் நீளமாக ஓடுகிற அடிக்கட்டைக்கு ஏரா என்று பெயர். தோணி பழசாகிப் பலகைகள் போய்விட்டாலும் ஏரா நன்றாக இருந்தால், அதன் மேலேயே புதுத் தோணி கட்டுவார்கள். நம்பரை மாற்ற மாட்டார்கள். பழைய தோணி வேறு, இது வேறு என்று தெரிவதற்காக ஓர் எழுத்தை மட்டும் கடைசியில் சேர்ப்பார்கள். காரணம், எங்கள் துறையில் முறை ஏராவுக்கு உரியது, பலகைக்கு இல்லை. புது நம்பர் வாங்கினால் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும். அந்த வருஷம் அப்படிக் கட்டிய தோணி அது ஒன்றுதான். கட்டி முடிக்க எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதமாகச் சரக்கு ஏற்றாத ஏரா. அதாவது நியாயப்படி வந்திருக்கவேண்டிய முதல் முறை அவருக்கு.

இன்னும் மூன்று வாரம்கூட இல்லை; கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிடும். பிடித்துவிட்டால் புரட்டாசி வரைக்கும் எந்தத் தோணியும் கொழும்புக்குப் பாய் விரிக்காது. தண்ணீரே காணாத புதுத் தோணி அத்தனை மாதம் கரையில் வெயிலில் கிடந்தால் பலகை சுருங்கும். இடுக்கில் திணித்த பஞ்சு கழன்று வரும். மறுபடியும் ஆசாரியைக் கூப்பிட வேண்டியதுதான். அவரை நம்பி இருந்த எட்டு ஆட்களும் வேறு தோணி பார்த்துப் போய்விடுவார்கள். இதெல்லாம் ஓர் ஏ-யில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏலே, நான் பென்சில்ல ஒரு வரி எழுதிப்புடுதேன். மொத முறை நூத்திப்பதினேழு ஏ. சோலி முடிஞ்சிது," என்றார் அண்ணாச்சி.

"கை படக்கூடாதுன்னு உத்தரவு அண்ணாச்சி."

"உத்தரவு போட்டவன் கைதான் படக்கூடாது. எங் கைக்கு என்ன?"

"பென்சில்ல எழுதுறதுன்னா மெஷின் எதுக்கு?" என்று கேட்டேன் நான். இந்தக் கேள்வியின் சரியான பதில் அப்போது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. "தண்டல், அடுத்த வாரம் ஒங்க தோணி லிஸ்ட்ல இருக்கும். நான் பொறுப்பு."

தண்டலுக்குப் பின்னால் நின்றிருந்த இன்னொரு தண்டல்தான் அதற்குப் பதில் சொன்னார். குட்டையான ஆள், வாயில் எப்போதும் வெற்றிலை. "வாரும்வே, போவும். தம்பி பொறுப்பு எடுத்துட்டாருல்லா. இனி மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தாண்டாம்," என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

அச்சைத் திருத்த உட்கார்ந்தேன். ஏழாவது கட்டத்தில் வெற்றிடம் இருக்கவேண்டும் என்று கேட்டதால்தானே வம்பு? கேட்காமல் விட்டால்? முதல் ஆறு கட்டம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார். அதற்கப்புறம் என்ன இருந்தாலும் உனக்கென்ன, மூடிக்கொண்டு போ. ஒரே ஒரு வரியை நீக்கினேன். இவ்வளவு சின்னத் திருத்தத்தில் இவ்வளவு பெரிய பிரச்சினை தீர்ந்ததே என்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அன்று ஓட்டலில் கூடுதலாக ஒரு வடை சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை லிஸ்ட் வந்தது. பிரித்தவுடன் ஏ-யைத் தேடினேன். இருந்தது! ஏழாவது வரியில் கே.டி-117 ஏ. துள்ளிக் குதித்தேன் என்று சொன்னால் மிகை. நாற்காலி விழுந்தது என்று சொன்னால் உண்மை. வாரத்துக்கு ஆறு முறைதான் என்பதையோ, நியாயப்படி முதலில் இருக்கவேண்டியவர் ஏன் ஏழாவதில் இருக்கிறார் என்பதையோ நான் யோசிக்கவில்லை. மேலே இருந்த ஆறு வரிகளை வாசிக்கவும் இல்லை. வாசிப்பது மெஷின் வேலை அல்லவா?

திங்கட்கிழமை காலையில், சரக்கு அடுக்கிவைக்கிற கிட்டங்கி வாசலில் தண்டல்மார் கூடியிருந்தார்கள். நானே வாசிக்கிறேன் என்று அண்ணாச்சியிடமிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தேன்.

"முதல் முறை, கே.டி-042."

ஒரு கிழத் தண்டல் மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எதுடே தம்பி?" என்றார் வெற்றிலைத் தண்டல்.

"கே.டி-042."

"அது மணப்பாட்டுக்கு நேர பதினாறு பாகம் ஆழத்துல கெடக்குடே. நாலு வருசம் ஆச்சி."

"மூழ்கிப்போச்சா?"

"இல்ல, மீனு புடிக்கப் போயிருக்கு."

கிட்டங்கி வாசல் முழுக்கச் சிரிப்பு. பின்னால் இருந்து ஒருவர் சத்தம் போட்டார்: "சங்கு குளிக்கிற ஆளுவளக் கூப்பிடுங்கலே! ஆளுக்கு ஒரு வெங்காய மூடையக் குடுத்துக் கீழ எறக்குங்க. மேல ஏத்திப் பழக்கம் அவனுவளுக்கு, இனி கீழ ஏத்தட்டும்!"

நடந்தது இதுதான். அண்ணாச்சியின் பழைய பேரேட்டைப் பார்த்துத்தான் நான் அட்டைகளைத் துளைத்திருந்தேன். அவர் ஒழுங்கான மனிதர். போன தோணிகளின் நம்பருக்குப் பக்கத்திலேயே மூழ்கியது, விற்றாச்சு, விறகாச்சு என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதிவைத்திருந்தார். நான் அவரைவிட ஒழுங்கானவன். அந்தச் சொல்லையும் ஏழாவது கட்டத்திலிருந்து அப்படியே துளைத்திருந்தேன். என் முதல் அச்சு அந்த அட்டைகளையெல்லாம் தள்ளிவிட்டது, அவை மூழ்கிவிட்டன என்று புரிந்து அல்ல, வால் தொங்குகிறது என்று. இரண்டாவது அச்சு வாலைப் பார்க்கவே இல்லை. முன்பாதி பொருந்தியது, வாருங்கள் என்றது. அப்புறம் யார் அதிக நாளாகச் சும்மா கிடக்கிறார்கள் என்று மெஷின் பார்த்தது. கடலுக்கடியில் கிடக்கிறவரைவிடச் சும்மா கிடக்கிறவர் யார்? ஆறு முறையும் ஆறு செத்த தோணிகளுக்கு.

"அண்ணாச்சி, இப்ப வேணா அந்தப் பென்சில…" என்றேன் மெல்ல.

"சீ, கை படலாமா?" என்றார் அண்ணாச்சி. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "ஏலே, முறைப்படி மூணு மட்டம் கூப்பிடு."

வாட்ச்மேன் துறை ஓரத்தில் போய் நின்று, கையை வாயருகே குவித்து, கடலைப் பார்த்து, "நாப்பத்திரெண்டேய்!" என்று கூப்பிட்டான். எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, வந்துவிடுமோ என்று எனக்கே லேசாக பயமாக இருந்தது. வரவில்லை. முறைப்படி பொழுது சாயும்வரை மேடை காலியாகக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை, விற்றுப்போன தோணிக்காகக் காத்திருந்தோம். புதன்கிழமை, விறகாகிப்போன தோணிக்காக. அந்த விறகில் வடித்த சோற்றைச் சாப்பிட்டவர்களே அங்கே நின்றிருந்தார்கள்.

புன்னைக்காயல் தண்டல் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாளும் தன் தோணியின் மேல் வாளி வாளியாகக் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார், பலகை காயாமல் இருக்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் பக்கத்தில் போய், "ஏழாவதா வந்துட்டீங்க தண்டல்" என்று சொல்லப் பார்த்தேன். சொல்ல வாயைத் திறந்தபோது அவர் வாளியை எடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கு முன்பே, அன்று காலையில், மூன்றாவது அச்சை எழுதி ரயிலேற்றியிருந்தேன். இந்தத் தடவை ஒழுங்காக. ஆறு கட்டம் பொருந்த வேண்டும். ஏழாவதில் ஓர் எழுத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எட்டாவதிலிருந்து தேதிக் கட்டம் வரை சுத்தமாக வெற்றிடம். ஆரம்பம் பொருந்தினால் போதாது, முடிவும் முடிந்திருக்க வேண்டும் என்கிற பெரிய உண்மையை, துறையே கைகொட்டிச் சிரித்த பிறகு, நான் சொந்தமாகக் கண்டுபிடித்திருந்தேன். கே.டி-000 அட்டையையும் கட்டிலிருந்து உருவித் தூரப் போட்டேன். அதற்கும் ஒரு முறை வந்திருந்தால் நான் விளாத்திகுளம் பக்கம் போய்ப் பருத்தி எடுக்க வேண்டியதுதான்.

புதன்கிழமை மத்தியானம் வெங்காயம் முளைவிடத் தொடங்கியது. வியாபாரிகள் போட்ட சத்தத்தில் முதலாளியே டிரங்க் காலில் வந்தார். மகனின் உத்தரவை ஒரே வார்த்தையில் ரத்துசெய்தார். அந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. போன வாரத்து லிஸ்டில் மிச்சம் இருப்பவர்களை வைத்து மூன்று நாளை ஓட்டுங்கள் என்றார். போன வாரத்து லிஸ்ட் என்றால் என் முதல் அச்சு. அதில் 117 ஏ கிடையாது. வியாழன் ஒருவர், வெள்ளி ஒருவர், சனிக்கிழமை வெற்றிலைத் தண்டல்.

வெள்ளிக்கிழமையே தென்மேற்கில் வானம் மங்கி, மணல் பறக்க ஆரம்பித்தது. சனிக்கிழமை பாய் எடுக்கிறவர்தான் கடைசி. திங்கட்கிழமை எவரும் போகப் போவதில்லை என்று துறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் என்பதில் வழக்கம்போல என்னைச் சேர்க்காதீர்கள்.

சனிக்கிழமை காலை ரயிலடியிலேயே போய் நின்று லிஸ்டை வாங்கினேன். அங்கேயே பிரித்தேன். இந்தத் தடவை எல்லா வரியையும் வாசித்தேன். மூழ்கியது ஒன்றும் இல்லை. விறகு இல்லை. திங்கட்கிழமை, முதல் முறை: கே.டி-117 ஏ. சைக்கிளை மிதித்த மிதியில் கால்சட்டையின் ஒரு கால் சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. நிறுத்தவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று தண்டலின் கையில் காகிதத்தைக் கொடுக்க வேண்டும். அவர் முகம் மலர வேண்டும். முடிந்தால் அண்ணாச்சி அதைப் பார்க்க வேண்டும். வழியெல்லாம் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

துறையில் மேடையை ஒட்டி நின்றது 117 ஏ. வெங்காய மூட்டைகள் ஏறி முடிந்து, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டிவிட்டார்கள். எட்டுப் பேரும் தோணியில் இருந்தார்கள். சற்றுத் தள்ளி, தன் காலித் தோணியின் விளிம்பில் உட்கார்ந்து வெற்றிலைத் தண்டல் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் கரும்பலகையில் அன்றைய தேதிக்கு நேரே இன்னும் வெற்றிலைத் தண்டலின் நம்பர்தான் இருந்தது. புன்னைக்காயல் தண்டல் பின்பக்கத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

காற்றில் காகிதம் படபடக்க, நான் துறை ஓரம்வரை ஓடினேன். "தண்டல்! ஒங்களுக்குத்தான் மொத முறை! திங்கக்கெழமை! இந்தா லிஸ்ட்டு, மெஷினே சொல்லிட்டு!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கயிறு மேடையிலிருந்து விடுபட்டது. எங்களுக்கு நடுவில் தண்ணீர் அகலமானது.

"லிஸ்ட்டு இப்பந்தானே வருது! அதுக்கு முன்ன ஒங்களுக்கு எப்படி முறை கெடச்சிது?" என்று கத்தினேன்.

வெற்றிலைத் தண்டலின் பக்கம் தாடையை ஆட்டிக் காட்டிவிட்டு அவர் சொன்னார்:

"கேட்டேன், குடுத்தான்."